விளிம்பு நெளித்த டம்ளர்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் வாட்ஸப் குரூப்பில் ஒருத்தி எழுதியிருந்தாளே, படித்தீர்களா? அவள் வீட்டில் சமைக்கிற பெண்ணுக்கு ஏதோ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கல்லீரலைத் தாக்குகிற காமாலைக் கிருமி, அந்த 'பி' வகை, இருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டாளாம். "வீட்ல பேரப்புள்ளைங்க இருக்கு, ரிஸ்க் எடுக்க முடியுமா?" என்று எங்களிடமே ஒரு கேள்வி வேறு. கீழே வரிசையாகக் கட்டைவிரல். ஒருத்தி கும்பிடு போட்டிருந்தாள். பாத்திரம் எல்லாவற்றையும் வெந்நீரில் கொதிக்க வை என்றாள் ஒருத்தி. குக்கரையே மாற்றிவிடு என்று சொன்னவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிற டீச்சர்.

நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நாலு வார்த்தை கெட்ட வார்த்தையாக வந்திருக்கும். ஆற அமரத் திட்டுவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றுதான் குரூப்புக்கு வெளியே, உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறோம், புத்தி மட்டும் நம் அம்மாக்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்தது. போடிக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் மூக்கை விரித்து, "ஆகா, ஊரே ஏலக்காய் மணக்குது" என்பார்கள். எங்களுக்கு அந்த வாசம் தலைவலி. மூட்டை ஏறி இறங்குகிற தெருவில் குடியிருந்தோம். தலைமயிரில், பாயில், பழைய சோற்றில்கூட அந்த வாசம் இருக்கும்.

அப்பா ஜீப்பு ஓட்டினார். விடியுமுன்னே காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் மெட்டுக்குப் போக வேண்டும். ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து, தூக்குவாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போவார்கள். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒரு காலையில் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு சறுக்கிச் சரிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, ரத்தம் நிறையப் போய்விட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள்.

பெரியப்பா வந்திருந்தார். ரத்தம் என்றதும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ஞாபகம் வந்து தன் ஊரான சிலமலைக்குப் பஸ் ஏறிவிட்டார். மாமாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வருமாம். சித்திதான் கையை நீட்டினாள்.

சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பா கேரளாப் பக்கம் லோடு அடிக்கப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சித்தி இடுப்பில் ஒரு பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பிள்ளையை நாங்கள் தம்பி என்போம். அப்போது அவன் பால்குடி மறக்காதவன். சித்தி தெருக்கோடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டில் கேட்கும்.

"எங்க மச்சானுக்குத்தான குடுக்கிறேன். எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று சட்டென்று போய்ப் படுத்தாள். முதலில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். நெடுநேரம் கழித்து நர்ஸம்மா வந்தார்.

"ஆத்தா, ஒன் ரத்தம் ஆகாது. ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்கு. வேற ஆளைக் கொண்டாங்க, வெரசா."

"எனக்கு ஒன்னுமே செய்யலையேம்மா. கண்ணு மஞ்சளாவா இருக்கு? பாருங்க."

"இருக்குன்னா இருக்கும்மா. தள்ளு, வழியில நிக்காத."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. ரத்தம் கலந்தால் ஒட்டும், சேர்ந்து சாப்பிடுவதாலும் தொடுவதாலும் ஒட்டாது, பயப்படாமல் போங்கள் என்கிற வாக்கியம். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தத் தாழ்வாரத்தில் அதை யாரும் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் காறித் துப்பத் தோன்றும்.

ஜீப்பு முதலாளி யாரையோ பிடித்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தார். அப்பா பிழைத்தார். போடிக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா, சித்தி மடியில் இருந்த தம்பியை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். தான் அசந்திருப்பதைப் பார்த்து அக்கா உதவுகிறாள் என்று நினைத்து, சித்தி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அம்மா ஓர் எவர்சில்வர் டம்ளரை அம்மியில் வைத்து, இரும்பு உலக்கையால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். விளிம்பு உள்பக்கமாக நெளிந்தது.

"எல்லா டம்ளரும் ஒன்னுபோல இருக்கு. கலந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

சித்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேற நல்ல அடையாளமே கெடைக்கலயாக்கா?" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

என் அம்மாவைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் கிளாஸ். கூரை ஓலையில் செருகி வைத்திருப்பார்களாம். நாமே எடுத்து, குடித்து, கழுவித் திரும்பச் செருக வேண்டும். அந்தக் கடைக்காரனை அம்மா சாகும்வரை சபிக்கப் போவதாகச் சொல்வாள். சொல்லும்போது கழுத்து நரம்பு புடைக்கும். அதே அம்மாதான் உலக்கையை எடுத்தாள். தனி டம்ளர் வைப்பதை நம் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

டம்ளருக்குப் பிறகு தட்டு. தட்டுக்குப் பிறகு பாய். சித்தியின் படுக்கை, விறகு அடுக்கியிருந்த பின்பக்கச் சாய்ப்புக்குப் போனது. தம்பிக்குப் பால் கொடுக்கக் கூடாது, தூக்கக் கூடாது என்றாள் அம்மா. அவன் சித்தியைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அலறுவான். சித்தி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். கிணற்றடிக்குப் பின்னால் போய் மார்பைப் பிழிந்து பாலைச் சாக்கடையில் விடுவாள். வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். ரவிக்கை எப்போதும் நனைந்திருக்கும். ஈரப் பாலும் ஏலக்காய்த் தூசியும் சேர்ந்த ஒரு புளித்த வாடை அவளிடம் அந்த நாட்களில் இருந்தது. அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

எங்கள் வீட்டோடு இது நின்றிருக்கலாம். அம்மாவே ஏலக்காய்க் கடைக்குப் போய்ச் சொன்னாள். "சொல்லாம இருந்து நாளைக்கு யாருக்காச்சும் ஒட்டுச்சுன்னா பாவம் நமக்குல்ல வரும்" என்பது அவள் நியாயம்.

அந்தக் கடையில் பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பெருங்காய், சிறுகாய், வெடித்த காய், பூச்சிக்காய் என்று பிரிப்பார்கள். காய் பச்சையாக இருந்தால்தான் விலை. அந்த வருஷ மழையில் மலையில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் நல்ல விறகு கிடைக்கவில்லை. ஈர விறகைப் போட்டுப் புகைய விட்டு, அரைகுறையாகக் காய்ந்த காயை மூட்டை கட்டி இறக்கினார்கள். மூட்டைக்குள்ளேயே வெந்து, வெளுத்து, மஞ்சளாகிவிட்டது. சோறு கொடுக்கப் போயிருந்த நான் முதலாளி கத்துவதைக் கேட்டேன்.

"இம்புட்டும் மஞ்சக் காயி! இத எவன்கிட்டக் கொண்டு விக்கிறது?"

மேஸ்திரியம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "காமாலைக்காரி கைய விட்டு அளையிறா மொதலாளி. மஞ்சளாகாம என்ன செய்யும்?"

யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் விஷயம். அத்தனை பேரும் காயைப் பார்த்தார்கள், சித்தியின் கையைப் பார்த்தார்கள், சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். முதலாளி பிறந்ததிலிருந்து ஏலக்காய்க்குள் கிடந்தவர். ஈர விறகு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த ஸ்டோர் அவர் மச்சினனுடையது. மச்சினனைத் திட்டினால் வீட்டில் சோறு கிடைக்காது. சித்தியைத் திட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"நீ நாளைலேருந்து வராதம்மா" என்றார்.

சித்தி அன்றைக்குப் பிரித்து வைத்திருந்த காயை மேஸ்திரியம்மா தனியாக அள்ளி ஓரத்தில் கொட்டினாள். அதற்கப்புறமும் சீசன் முடியும்வரை மூட்டை மூட்டையாக மஞ்சள் காய்தான் இறங்கியது. அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்பா காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த சமயத்தில் எதிர்வீட்டுப் பையனுக்குக் கண் மஞ்சளானது. அது தண்ணீரில் வருகிற காமாலை, வேறு ஜாதி. எங்கள் தெருக் குழாய் சாக்கடைக்குள் முங்கித்தான் வரும், அந்த வருஷ மழையில் குழாயைத் திறந்தால் புழு வந்தது. ஆனால் தெரு குழாயைப் பார்க்கவில்லை, எங்கள் வீட்டைப் பார்த்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் எங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அம்மா பயந்துபோய் ஊசிக்காரரை வரச் சொன்னாள்.

அவரை ஊரில் கம்பவுண்டர் என்பார்கள். எந்த டாக்டரிடம் எப்போது கம்பவுண்டராக இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. சைக்கிளில் வருவார். பையில் ஓர் எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஒரு கண்ணாடிச் சிரிஞ்சு, ஓர் ஊசி. ஸ்பிரிட் வாசம் அவருக்கு முன்னால் வந்துவிடும். அன்று மத்தியானம் எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்.

"நோவு இருக்கிறவளுக்கு மொதல்ல போடுவம். வேரோட புடுங்கிறணும்" என்றார்.

சித்தி கையைக் காட்டினாள். போட்டார். ஊசியை இழுத்தபோது கையில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. ஊசியைப் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்தார். அதே புட்டியிலிருந்து மறுபடியும் மருந்தை உறிஞ்சினார். அம்மா தம்பியின் சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசிய மாத்துங்க" என்றாள் சித்தி.

"அதான் தொடச்சாச்சுல்ல?"

"நான் குடிச்ச டம்ளரச் சாம்பல் போட்டு வெளக்குனாலும் ஆகாதுன்னு சொல்லிட்டீங்க. எனக்குள்ள போயிட்டு வந்த ஊசி தொடச்சா மட்டும் ஆயிருமா? என் புள்ளைக்குப் போடாதீங்க."

"உள்ள இருக்கிறது மருந்து. மருந்துக்குள்ள கிருமி எப்படி இருக்கும்? வெவரம் தெரியாமப் பேசாத."

"ஒனக்கு வந்தது வந்துருச்சு" என்றாள் அம்மா. "மத்த உசுராவது நல்லா இருக்கட்டும். தள்ளி நில்லுடி."

சித்திக்கு மருத்துவம் எதுவும் தெரியாது. நாங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான், நீ விஷம் என்று. அவள் அதை நம்பிவிட்டாள், நம்பியதால்தான் பாய்ந்தாள். அத்தனை நாள் எங்கள் யார் மேலும் படாமல் ஒதுங்கி நடந்தவள் அம்மாவை ஒரே தள்ளாகத் தள்ளி, அவர் கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கி ஆட்டுக்கல்லில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெறித்து என் கால்வரை வந்தது. டப்பாவை எத்தினாள். அது உருண்டு சாக்கடையில் விழுந்தது.

கம்பவுண்டர் கத்திய கத்தலுக்குத் தெருவே வாசலில் கூடிவிட்டது. "தனக்கு வந்தது எல்லாருக்கும் வரட்டும்னு நெனைக்கிறா, நல்லது நடக்க விட மாட்டேங்குறா" என்று எதிர்வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் தூக்கினார். சித்தி பக்கம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். இவருக்குக் கொடுக்கப் போய்த்தானே எல்லாம் தெரிந்தது.

"அவள மொதல்ல வெளிய அனுப்பு" என்றார் அப்பா.

சித்தி மூச்சு வாங்க நின்றாள். "போறேன் மச்சான். என் புள்ளையக் குடுங்க, போறேன்."

"எதுக்கு? கொல்றதுக்கா?" என்றாள் அம்மா.

சித்தி தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஒரு விரலில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் அதை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அப்புறம் பிள்ளையைக் கேட்கவில்லை. சேலைகளை மூட்டையாகக் கட்டினாள். அம்மா அந்த நெளித்த டம்ளரையும் தட்டையும் கொண்டுவந்து மூட்டைப் பக்கத்தில் வைத்து, "இதையும் எடுத்துட்டுப் போ, இங்க வச்சு என்ன செய்ய" என்றாள். மெட்டுக்குப் போகிற ஜீப்பில் உட்காரவிடாமல் பெண்கள் காலை நீட்டிக்கொண்டார்கள். பின்படியில் தொற்றிக்கொண்டு போனாள். மலைக்கு அந்தப்புறம் கேரளாவில், பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து, கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் தங்கிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரவில்லை. அம்மா எங்களுக்கெல்லாம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து மனசை ஆற்றிக்கொண்டாள். அவர் புது டப்பாவோடு மற்றத் தெருக்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அந்தத் தெருக்களில் பிற்காலத்தில் வயிறு வீங்கி, கல்லீரல் கெட்டுப்போய்ச் செத்த சிலரை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் சாராயம் என்றே காரணம் சொன்னோம். அதில் ஒரு பெண், வாழ்நாளில் சாராய வாசமே அறியாதவள். ஊசியால்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சித்திக்கே அது எங்கே ஒட்டியது என்பதும் யாருக்கும் தெரியாது.

தம்பி எங்கள் வீட்டில் வளர்ந்தான். அம்மாவைத்தான் அம்மா என்றான். பொங்கலுக்கு முன்னால் சித்தி மலையிலிருந்து இறங்கி, எங்கள் தெரு முனையில் நிற்பாள். வாசலுக்கு வர மாட்டாள். அவனுக்கு எடுத்த சட்டையை மதில்மேல் வைத்துவிட்டு, அவன் பம்பரம் விடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அம்மா குச்சியால் சட்டையை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். சாயம் போய், அவன் போடும்போது அது பழஞ்சட்டையாக இருக்கும். "மலைச் சித்தி ஏன் எப்பவும் வெளுத்த சட்டையே எடுக்குது?" என்று ஒரு தடவை கேட்டான். அந்தக் கேள்விக்கு அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

போன வருஷம் போடியில் நடந்த முகாமுக்கு நான்தான் எல்லாரையும் கூட்டிப்போனேன். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. அம்மா, நான், இப்போது தலை நரைத்துவிட்ட தம்பி. மூன்று பேருக்கும் அந்தக் கிருமி இல்லை. முகாமில் இருந்த டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சொல்லாமல் விட்ட வாக்கியத்தை அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் ஒட்டும், ஒருத்தருக்குப் போட்ட ஊசியில், சவரம் செய்த பிளேடில் ஒட்டும். உடலுறவில் ஒட்டும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டலாம். ஒரே தட்டில் தின்றால், ஒரே டம்ளரில் குடித்தால், கட்டிப்பிடித்தால் ஒட்டாது. தாய்ப்பால் கொடுக்கலாம். இப்போது தடுப்பூசியும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பாத்தியா, அன்னைக்கே அவள வெரட்டி விட்டதுனாலதான் இன்னைக்கு ஒருத்தருக்கும் ஒன்னும் இல்ல."

"அவ அன்னைக்கு ஊசிய ஒடச்சதுனாலம்மா!" என்று கத்தினேன். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி எழுந்து போனாள்.

அடுத்த வாரம் மலைக்குப் போனேன். சித்தி ஒற்றை அறையில் இருந்தாள். பல் பாதி போய்விட்டது. "மோள் வந்நோ?", மகள் வந்திருக்கிறாளா என்று பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி எட்டிப்பார்த்துக் கேட்டபோது, "அக்கா மக" என்று பெருமையாகச் சொன்னாள். பாலில்லாத கட்டன்சாயா போட்டு எனக்குப் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸில் கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொண்டது அந்த டம்ளரில். தேய்ந்து தேய்ந்து மெலிந்துவிட்டது, விளிம்பில் அம்மா தட்டிய நெளிவு மட்டும் அப்படியே இருந்தது. தனியாக இருக்கிறவள், தன் சொந்த வீட்டில், தனி டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் வைத்த டம்ளரைப் பிடுங்கி ஒரு மடக்குக் குடித்தேன். பளீரென்று என் கையில் அடித்தாள். சாயா சேலையிலும் தரையிலும் கொட்டியது.

"அடியே! சாகணுமாடி ஒனக்கு?"

"ஒட்டாது சித்தி. டம்ளர்ல எல்லாம் ஒட்டாது. டாக்டரம்மா சொன்னாங்க. ரத்தத்துலதான் ஒட்டும். ஊசியில ஒட்டும். நீ ஒடச்சியே, அது சரிதான். தம்பிக்கும் பாத்தாச்சு. அவனுக்கு இல்ல."

"அவனுக்கு இல்லையா?" கையெடுத்துக் கும்பிட்டாள், எந்தத் திசையை என்று தெரியவில்லை. துணியை எடுத்துத் தரையில் சிந்தியதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தூக்குனா?"

"ஒட்டாது சித்தி."

"பக்கத்துல படுக்கப் போட்டா?"

"ஒட்டாது."

"பால் குடுத்திருந்தா?"

"அதுலயும் ஒட்டாது."

அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். அதற்குத்தான் மலை ஏறி வந்தேன். சித்தி எழுந்து நின்றாள். அன்று முற்றத்தில் சிரிஞ்சைப் பிடுங்கும்போது இருந்த முகம் அது.

"அப்ப எதுக்குடி என் புள்ளையப் புடுங்குனீங்க?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எந்திரிச்சுப் போடி. பஸ்சு போயிரும்" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் மலைக்குப் போகவில்லை. கேள்வி அப்படியே இருக்கிறது. குரூப்பில் கட்டைவிரல் போட்ட உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன். நீங்கள் அனுப்பிவிட்ட சமையல்காரப் பெண்ணுக்கும் கைக்குழந்தை இருக்கிறதாம். விசாரித்தேன், அதை இப்போது அவள் மாமியார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்.